இறையறிவில் கருதலளவையும் ஆகமமும்

இறைவன் உண்டென்பதை மனிதன் தன் அறிவால் நிறுவ முடியுமா, அருள்நூல்தான் சொல்ல வேண்டுமா என்ற வழக்கைப் பாரதத் தருக்கமரபு மிகக் கடுமையாக நடத்தியிருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த நியாய தத்துவவாதி உதயனர், குடத்தைக் கொண்டு குயவனைத் துணிவதுபோல, காரியமாகிய உலகைக் கொண்டு கர்த்தாவைத் துணியலாம் என்று ‘நியாயகுசுமாஞ்சலி’யில் வாதிட்டார். பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு உரை செய்த வைணவ ஆசாரியர் இராமாநுசர் இதை ஏற்கவில்லை. நாம் கண்ட குயவன் உடலுடையவன், ஆற்றலில் குறைந்தவன், வினைக்கு உட்பட்டவன். ஆகவே அந்த அனுமானம் (கருதலளவை) அத்தகைய ஒருவனையே தரும். மலையும் கடலும் ஒரே வேளையில் ஒருவனால் ஆக்கப்பட்டன என்பதற்கும் சான்றில்லை. வெவ்வேறு காலத்தில் பலர் ஆக்கியிருக்கலாம். 1779இல் வெளிவந்த உரையாடல் நூலில் மேலைத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயமும் இதை ஒட்டியதே. ஹியூமின் நூல் ஐயத்தைப் பெருக்கியது. இராமாநுசரோ சாத்திரம் ஒன்றே பிரமாணம் என்று முடித்தார்.

அவருடைய மறுப்பு வலுவானது. ஆனால் அனுமானத்தை அங்கே வீழ்த்தியது சுருதி வாக்கியம் அன்று, குயவன் என்ற எடுத்துக்காட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்த தருக்கமே. நூலொன்றே சான்று என்ற முடிவுக்கு வரவும் அறிவின் துணை வேண்டியிருக்கிறது. சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் இதை நன்கு உணர்ந்தவர். ‘சிவஞான சித்தியார்’ நூலில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் வரை 14 கொள்கையினரை எதிர்கொள்கிறார். சிவாகமத்தை ஏற்காத பௌத்தரிடம் சிவாகமத்தையே சான்றாக நீட்டினால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தில் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கும்போதும் கருதலுக்கு உரிய இடத்தை அவர் மறுக்கவில்லை.

நூலை அறிவு சோதிக்கலாம் என்றால் நூல் அறிவுக்குக் கீழ்ப்பட்டுவிடாதா என்று கேட்கலாம். ஒரு சாட்சி நம்பத்தக்கவனா என்று ஆராய்வது வேறு, அவன் மட்டுமே கண்டதை நாமே கண்டுபிடிப்பது வேறு. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கு ஒரு கர்த்தா உண்டென்று சித்தியாரின் மூலநூலான ‘சிவஞானபோத’த்தின் முதற்சூத்திரம் கருதலால் நிறுவுகிறது. அந்தக் கர்த்தா உயிர்களின் மலம் நீங்க வேண்டிக் கருணையால் ஐந்தொழில் புரிகிறான் என்பது எந்த அனுமானத்துக்கும் எட்டாது. அதை ஆகமமே சொல்ல முடியும்.

இந்த வாதத்தில் பலர் கண்டுகொள்ளாத திருப்பம் இனித்தான் வருகிறது. சித்தியார் ஒன்பதாம் சூத்திரத்தில், வேத சாத்திர புராணங்களால் வரும் அறிவையும் பாசஞானத்தில், அதாவது கட்டுண்ட நிலைக்குரிய அறிவில், சேர்த்துவிடுகிறார். ஆகமத்தை உயிராகப் போற்றிய ஒருவர் இப்படிச் சொன்னது பெரிய துணிவு. இன்னதென்று சுட்டி அறியப்படுவதெல்லாம் அசத்து (நிலையற்றது) என்பது ‘சிவஞானபோத’த்தின் ஆறாம் சூத்திரம் கொள்ளும் நிலை. சொல்லாகக் கேட்டு மனத்தில் பதித்த இறைவனும் சுட்டறிவுக்குள்தான் நிற்கிறான். எனவே தருக்கம், நூல் இரண்டுமே பதியாகிய இறைவனைப் பற்றிய அறிவை மட்டுமே தரலாம். பதியை அறிவது பதிஞானத்தால், அதாவது அவன் அருளே கண்ணாக நின்று காட்டும்போதுதான். அப்படியானால் தருக்கம் வீணா? இல்லை. உடலே நான் என்றும், உலகம் தானே இயங்குகிறது என்றும் இருப்பவன் அருளை நாடப் போவதில்லை. அந்தத் திரிபை அகற்றுவது தருக்கத்தின் வேலை.

அறிவா அருள்நூலா என்று கட்சி பிரித்து நிற்பதை இம்மரபு ஏற்காது. எனவே சைவ சித்தாந்தம் பயிற்றுவோர் சுபக்கத்தோடு நிறுத்திவிடாமல், திரிபுகளைத் தருக்கத்தால் அகற்றும் பரபக்கத்தையும் வரிவரியாகப் பாடம் சொல்ல வேண்டும்.