குறைமாதக் குழந்தையும் ஒலி காட்டிய படமும்



"ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது" என்று நம் லயங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. தாய் வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபமே.

நம் கிள்ளான் வட்டாரத்துக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது ஊரே மலேரியாவில் படுத்துக் கிடந்தது. அவ்வாண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானை, காய்ச்சலால் சில காலம் மூட வேண்டியதாயிற்று. அவர் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. கர்ப்பிணிக்கு மலேரியா கண்டால் பிள்ளை முன்கூட்டியே பிறக்கும், எடையும் குறையும். ஆகவே அந்தக் கால்வாய்கள் கருவிலிருந்த பிள்ளைகளையும் காத்தன. மண்வெட்டி பிடித்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ!

ஆனால் முன்கூட்டிப் பிறந்துவிட்ட பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அன்று வழியில்லை. மூளையின் நடுவே நீர் நிற்கும் அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில், மாதம் நிறையாத பிள்ளைக்கு, நூல்போன்ற மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கும். மூச்சுத் திணறினாலோ இரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலோ அவை வெடித்துவிடும். பெரும்பாலும் பிறந்த மூன்று நாளுக்குள் இது நடக்கிறது. பிள்ளையோ அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும்!

அமெரிக்காவில் பாபைல் என்னும் மருத்துவரும் உடன் உழைத்தவர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். 1500 கிராமுக்குக் குறைந்த 46 பிள்ளைகளுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். 20 பேருக்கு இரத்தக் கசிவு இருந்தது. கசிவோடு பிழைத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேருக்கு வெளியில் எந்த அடையாளமும் தெரியவில்லை.

சிடி எந்திரம் பெரியது. நோஞ்சான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதனிடம் போக வேண்டும். அப்போதுதான் ஒலி கைகொடுத்தது. கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பழகிய அதே வித்தை. ஸ்காட்லாந்தில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், 1955-இல் வெட்டியெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் கருவியால் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். வேலையாட்கள் என்ன நினைத்தார்களோ! 1958-இல் அவருடைய குழுவின் முடிவுகள் 'லான்செட்' இதழில் வந்தன.

மூளைக்கு மட்டும் மண்டையோடு தடையாக நின்றது; கெட்டி எலும்பு ஒலியைத் திருப்பிவிடும். பச்சைப் பிள்ளைக்கோ எலும்பு மெல்லியது, உச்சிக்குழியும் மூடியிருக்காது. 1979-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த காரென் பேப், ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் முதலியோர், குறைமாதக் குழந்தையின் மூளைச் சேதத்தை அல்ட்ராசவுண்டால் காணலாம் என்று அதே 'லான்செட்டில்' எழுதினார்கள். அதன்பின் உச்சிக்குழியே ஜன்னலாயிற்று. கருவி தொட்டில் அருகே வரும். பிள்ளையை அசைக்க வேண்டியதில்லை.

இன்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் இது வழக்கமான சோதனை. "லைட் அடிக்கிறாங்க, பிள்ளைக்கு ஆகாது" என்று சிலர் பயப்படுகிறார்கள். எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது, வெறும் ஒலிதான். ஒரு தரம் எடுத்தால் போதுமென்றும் எண்ணாதீர்கள். சிலவகைச் சேதம் சில வாரங்கள் கழித்தே படத்தில் தெரியும். வடிந்த இரத்தத்தைத் திரும்ப ஏற்ற முடியாது, உண்மை. ஆனால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று பார்த்து வடிக்கலாம். கைகால் பயிற்சியைச் சீக்கிரமே தொடங்கலாம். லேசான கசிவுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள்.

வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். ஆனாலும் மிஸ்ஸி எழுதிக் கொடுத்த தேதியை விட்டுவிடாதீர்கள். முதலாம் ஆண்டில் பிள்ளையைப் பதிய வரும்போது, குறைமாதத்தில் பிறந்தது என்றால் எங்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கச் சிரமப்படும் பிள்ளையை "மந்தம்" என்று பின்வரிசையில் உட்கார வைப்பதற்குமுன் ஆசிரியருக்கு அது தெரிய வேண்டும். ஆஸ்பத்திரி அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.