இடுகுறியும் காரணமும்: ‘உலகக் கோப்பை’ என்ற பெயரின் வழக்கு

1987 நவம்பர் 8 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 7 ரன் வித்தியாசத்தில் வென்று பெற்றது, ஆவணங்களின்படி, ரிலையன்ஸ் கோப்பை. 1996 மார்ச் 13 அன்று அதே அரங்கில் இந்தியா–இலங்கை அரையிறுதி ரசிகர்களின் கலவரத்தால் பாதியில் நின்றபோது அது வில்ஸ் உலகக் கோப்பை. வில்ஸ் சிகரெட்டைத் தயாரித்த ஐ.டி.சி.யின் தலைமையகமும் இதே நகரில், சௌரங்கியில்தான் இருக்கிறது. இவ்வாறு போட்டியின் பெயர் தொடருக்குத் தொடர் விற்கப்பட்டது. 1999 முதல் ஐ.சி.சி. இவ்வழக்கத்தைக் கைவிட்டது. புரவலர் பெயர் நீங்கியதும் எஞ்சிய சொற்களே சொத்தாயின; சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

2003 உலகக் கோப்பைக்கு முன்னர், பிலிப்ஸ் நிறுவனமும் அதன் விற்பனையாளரான ஆர்வி எண்டர்பிரைசஸும் ‘தீபாவளி கொண்டாடு, உலகக் கோப்பைக்குப் போ’ என்று பொருள்படும் இந்தி வாசகத்துடன் ஒரு பரிசுத் திட்டத்தை அறிவித்தன. ஐ.சி.சி.யின் வணிக உரிமை நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது: ‘உலகக் கோப்பை’ பொதுச்சொல், பிலிப்ஸ் தன்னை அதிகாரபூர்வப் புரவலராகக் காட்டி எவரையும் ஏமாற்றவில்லை, புகழ்சார் உரிமை தனிமனிதர்க்கே உரியது, நிகழ்வுகளுக்கு அன்று.

நன்னூல் பயின்றோர்க்கு இத்தீர்ப்பு வியப்பளிக்காது. வணிகக்குறிச் சட்டம் விரும்பிக் காப்பது இடுகுறியை. பொருளோடு இயல்பான தொடர்பற்ற சொல்லே ஒருவர்க்கு மட்டும் உரிமையாவது எளிது. சிகரெட்டின் தன்மை எதையும் சொல்லாத ‘வில்ஸ்’ அத்தகையது. ‘உலகக் கோப்பை’யோ காரணப் பொதுப்பெயர்; உலக அணிகள் மோதிப் பெறும் எக்கோப்பைக்கும், கால்பந்தாயினும் ஹாக்கியாயினும், அது பொருந்தும். அப்பெயரை ஒருவர்க்கே உரிமையாக்கினால் ஏனையோர் அந்நிகழ்வைச் சுட்டவே வேறு சொல் தேட நேரும். காளிகாட் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை ‘உலகக் கோப்பைத் தள்ளுபடி’ என்று பலகை எழுதுவதற்கும் இசைவு கோர வேண்டியிருந்திருக்கும்.

ஜெர்மனியிலும் இதே வாதம் எழுந்தது. மிட்டாய் நிறுவனமான ஃபெரேரோவுடனான வழக்கில், ‘கால்பந்து உலகக் கோப்பை 2006’ என்று பொருள்படும் ஃபிஃபாவின் குறிக்குத் தனித்தன்மை இல்லை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

எனினும் ஐ.சி.சி. வெறுங்கையுடன் திரும்பவில்லை. அதே 2003இல் ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு எதிரான வழக்கில், போட்டியின் இலச்சினை பதிப்புரிமைக்குரிய கலைப்படைப்பு என்ற அடிப்படையில் அதைப் பயன்படுத்தத் தடை பெற்றது. வரைந்த ஓவியத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, வழங்கிய சொல்லுக்குக் கிடைக்கவில்லை.