ஜெபம் நமக்கு, பீடம் யாருக்கு?

எங்கள் திருத்தணியில் சபையைத் தாங்குகிறவர்கள் பெண்கள்தான். வீட்டு ஜெபம், உபவாச ஜெபம், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கான ஜெபம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும் ஜெபங்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்தவரும், திருவிருந்து கொடுத்தவரும், கடைசியில் கையுயர்த்தி ஆசீர்வாதம் கூறியவரும் நான் பார்த்தவரை ஆண்களே. பெண் ஜெபிப்பதை யாரும் தடுப்பதில்லை. அந்த ஜெபம் அதிகாரமாக மாறும் இடத்தில்தான் தடை வருகிறது.

தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரம். பெண்கள் சபையில் பேசக் கூடாது என்கிறது அது. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம், ஜெபம் பண்ணும், தீர்க்கதரிசனம் சொல்லும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது. அப்படியென்றால் பெண்கள் சபையில் பேசியிருக்கிறார்கள். நம் சபைகளோ 11ஆம் அதிகாரத்திலிருந்து முக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டன.

இந்த வழக்கு நம் மண்ணில் பழையது. ராச கிளாரிந்தா, தஞ்சையிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த காலத்தில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பின், 1778இல்தான் கொடுத்தார். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் உள்ள 40 பேரில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. பிறகு உபதேசியாராக வந்த சத்தியநாதனுக்கு 1790இல் குருப்பட்டம் கிடைத்தது. சபையைத் திரட்டிய பெண்ணுக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை.

1860இல் அருளப்பன் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் உண்டானது. பெண்களும் பிள்ளைகளும் அழுது ஜெபித்தார்கள், அந்நியபாஷை பேசினார்கள். அருளப்பனின் மகனும் மகளும் வேறு சிலரும் சி.எம்.எஸ். சபைகள் இருந்த ஊர்களுக்குப் போனபோது, எழுப்புதல் அங்கும் பரவியது. மிஷனரிகளிடையே கருத்து இரண்டுபட்டது. இது ஆவியின் செயலா, வெறும் உணர்ச்சி வேகமா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் ஜெபித்த பெண்களுக்கு இல்லை.

இந்தச் சண்டையை எழுத்தில் நடத்தியவர் பண்டித ரமாபாய். அவர் கதை எங்கள் மலைகளையும் தொட்டுச் செல்கிறது. 1870களின் பஞ்சத்தில் தன் குடும்பம் திருப்பதிக் காட்டில் பட்டினியோடு திரிந்ததை அவரே தன் சாட்சியில் எழுதியிருக்கிறார். பெற்றோரைப் பறிகொடுத்தபின், 1878இல் கல்கத்தா பண்டிதர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைப் பார்த்து ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைத் தந்தனர். 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே செல்ட்டன்ஹாம் கல்லூரித் தலைவி டொரோதியா பீல், ஆண் மாணவர்களுக்கும் ரமாபாய் பாடம் நடத்தலாம் என்றார். பம்பாய், லாகூர் பேராயர்கள் எதிர்த்தனர். பண்டிதர் சபையில் ஆண்கள் முன்னால் வாதாடிப் பட்டம் வாங்கியவருக்கு, திருச்சபை ஆண்கள் முன்னால் நிற்கவே அனுமதி மறுத்தது.

அவருடைய ஞானத்தாயான சகோதரி ஜெரால்டின், கீழ்ப்படிதலைக் கற்றுக்கொள் என்றார். ரமாபாய் கேள்விகளால் பதில் எழுதினார். சிலுவையில் இலத்தீன் வாசகம் எதற்கு, சமஸ்கிருதத்தில் ஏன் இருக்கக் கூடாது? வேதாகமத்தில் தனக்குத் தெரியாத கோட்பாட்டைச் சபை சொல்கிறது என்பதற்காக ஏன் ஏற்க வேண்டும்? ஒரு விதவை, அந்நிய நாட்டில், அடைக்கலம் கொடுத்தவர்களிடமே இப்படிக் கேட்டார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பின்னாளில் கேட்காவில் அவர் நடத்திய முக்தி இல்லத்தில், 1905இல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்தார்கள். கட்டுப்பாடற்ற கூச்சல் என்று குறை சொன்னவர்கள் உண்டு. இந்தியப் பெண்கள் தங்கள் இயல்பில் ஜெபிக்கட்டும் என்று ரமாபாய் அவர்கள் பக்கம் நின்றார். மராத்தி வேதாகமத்தை அவரே மொழிபெயர்த்தார். முக்திப் பெண்கள் அதை அச்சுக் கோத்தார்கள். மொழிபெயர்ப்பு முடிந்த கொஞ்ச நாளில், 1922 ஏப்ரலில் அவர் மறைந்தார். அந்த இல்லத்தில் ஜெபமும் வேதமும் தலைமையும் பெண்களிடமே இருந்தன. அதற்கு அவர் வேறோர் இடத்தையே கட்ட வேண்டியிருந்தது.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் பிறந்தது. முதல் பெண் குருவுக்கு 1976 வரை காத்திருந்தது. முதல் பெண் பேராயருக்கு 2013 வரை. அந்தப் பேராயர் புஷ்பா லலிதா அபிஷேகம் பெற்றது ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு, எங்கள் எல்லைக்கு அப்பால். 66 ஆண்டுகள் ஆனாலும் அது வெற்றிதான். ஆனாலும் ஒரு பெண் பேராயரானதால் கிராமச் சபையின் கமிட்டியில் பெண்கள் பேச்சு எடுபடும் என்று அர்த்தமில்லை. வீடு வீடாகப் போய் வேதம் சொன்ன வேதாகமப் பெண்மணிகள் பலரின் பெயர் மிஷன் அறிக்கைகளில்கூட இல்லை.

ஆகவே மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்ச் சபையின் பழைய பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். உபவாச ஜெபத்தைத் தொடங்கியவர் யார், காணிக்கை திரட்டியவர் யார், கமிட்டியில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று குறித்துவையுங்கள். பதிவேட்டில் இல்லாததைப் பாட்டிமார்களிடம் கேளுங்கள். நமக்கு அதிகாரம் புதிதாக ஒருவர் கொடுக்க வேண்டியதில்லை. நாம் ஏற்கெனவே செய்துவந்த ஊழியத்துக்கு அதன் சரியான பெயரை எழுதினால் போதும்.