விருந்தோம்பும் குடும்பம் (செனகல் அமைதிப்படை)

விருந்தோம்பும் குடும்பம் என்பது வெளிநாடு ஒன்றிற்குத் தொண்டாற்றச் செல்பவரைத் தம் வீட்டில் தங்கவைத்து, உணவளித்து, தம் மொழியையும் வழக்கங்களையும் பழக்கும் உள்ளூர்க் குடும்பம் ஆகும். பல தொண்டு அமைப்புகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க அமைதிப்படையின் தொண்டர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் குடும்பங்களோடு தங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு அமைதிப்படை எனப்படுவது பீஸ் கோர் என்னும் அமெரிக்க அரசு நிறுவனம் ஆகும். 1987 முதல் 1990 வரை இலங்கையில் நிலைகொண்டிருந்த இந்திய அமைதி காக்கும் படைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

வரலாறு

அமைதிப்படை 1961 மார்ச் 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியின் ஆணையால் தோற்றுவிக்கப்பட்டது. சார்ஜன்ட் சிரைவர் அதன் முதல் இயக்குநர். இவர் 1934 இல், மாணவப் பருவத்திலேயே, எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேசனல் லிவிங் என்ற அமைப்பின் வழியாக செருமனி சென்றவர். டொனால்ட் வாட் 1932 இல் தொடங்கிய அவ்வமைப்பு, அயல்நாட்டை அறிய அங்குள்ள ஒரு குடும்பத்தோடு வாழ்வதே சிறந்த வழி என்ற கருத்தைப் பரப்பியதில் முன்னோடி எனலாம்.

ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அமைதிப்படைத் தொண்டர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களிலேயே பயிற்சி பெற்றனர். வகுப்பறையில் கற்ற மொழி, ஊர்க் கிணற்றடியில் போதவில்லை. பின்னர் பயிற்சி படிப்படியாகப் பணிபுரியும் நாடுகளுக்கே மாற்றப்பட்டது. அதனோடு குடும்பத்தில் தங்குவதும் பயிற்சியின் பகுதியாயிற்று. செனகலுக்குத் தொண்டர்கள் 1963 முதல் அனுப்பப்பட்டனர். வேளாண்மை, காடு வளர்ப்பு, நலவாழ்வு, சிறுதொழில் ஆகியன இவர்களின் முதன்மையான பணித்துறைகள்.

தங்கும் முறை

புதிய தொண்டர்கள் தலைநகர் டக்காருக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ள தியெஸ் நகரிலும் அதன் சுற்றூர்களிலும் பயிற்சி பெறுவது வழக்கம். வோலோஃப், செரேர், புலார் போன்ற மொழிகளுள் ஒன்று ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்படும். அம்மொழி பேசும் ஊருக்குச் சிலர் ஒன்றாக அனுப்பப்பட்டு, ஆளுக்கொரு வீட்டில் தங்குவர். பயிற்சி முடிந்தபின் பணியிடத்தில் வேறொரு குடும்பத்துடன் இரண்டாண்டுகள் வாழ்வர். ஆகவே ஒரு தொண்டர் இருமுறை புது வீட்டில் பழக வேண்டியிருக்கிறது.

வோலோஃப் மொழியில் வீடு 'கெர்' எனப்படும். அது பெரும்பாலும் மதில் அல்லது வேலி சூழ்ந்த ஒரு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் ஆகும். தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர், அவர்தம் மனைவியர், பிள்ளைகள் என இருபது பேர் வாழும் வீடும் உண்டு. தொண்டருக்குப் பூட்டுடன் கூடிய தனியறை ஒன்று ஒதுக்கப்படுகிறது.

பெயர் சூட்டல்

குடும்பம் முதலில் தருவது பெயர். பெரும்பாலும் அவ்வீட்டு உறுப்பினர் ஒருவரின் பெயரே சூட்டப்படும். பெயரைப் பகிர்ந்துகொண்ட இருவரும் 'தூரந்தோ' ஆகின்றனர். இது வெறும் பெயரொற்றுமை அன்று, ஒருவகை உறவுமுறை. பெயர் தந்தவர் மூதாட்டியாயின், தொண்டர் ஊர் சென்று திரும்பும்போது அவருக்குச் சிறு பரிசேனும் கொண்டுவர வேண்டும்.

குடும்பப் பெயரும் கூடவே வருகிறது. இது 'சந்த்' எனப்படும். இச்சொல்லுக்குப் புகழ்தல் என்ற பொருளும் உண்டு. செனகலில் ஒருவரை வாழ்த்தும்போது அவருடைய குடும்பப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது மரியாதை. சில குடும்பப் பெயர்களுக்கிடையே கேலி உறவும் உள்ளது. ஜோப் என்பவரும் இஞ்சாய் என்பவரும் முன்பின் அறியாதவராயினும், 'நீ சோற்றுப் பிரியன்' என்று ஒருவரையொருவர் பழிக்கலாம். யாரும் சினம் கொள்வதில்லை. தமிழரிடையே மாமன் மைத்துனர் கேலியை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். மொழி அரைகுறையாகவே தெரிந்த தொண்டருக்கும் இக்கேலி சந்தையிலும் பேருந்திலும் உடனடியாகக் கைகொடுக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் வெள்ளையரைக் கண்டால் 'தூபாப்' என்று கூவுவர். புதுப்பெயர் ஊரில் பரவப் பரவ அக்கூவல் குறையும்.

உண்கலம்

உணவு ஒரே பெரிய வட்டிலில் பரிமாறப்படுகிறது. வீட்டார் அதைச் சுற்றி அமர்ந்து வலக்கையாலோ கரண்டியாலோ உண்பர். தமக்கு நேரெதிரே உள்ள பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும். அடுத்தவர் பகுதிக்குக் கை நீளக்கூடாது. மீனும் காய்களும் நடுவில் இருக்கும். வீட்டுப் பெண் அவற்றைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவைப்பார். புதியவர் பக்கம் சற்றுக் கூடுதலாகவே மீன் வந்து சேரும். போதும் என்பதற்கு 'சூர் நா' (வயிறு நிறைந்தது) என்று சொல்ல வேண்டும். அதன் பின்னும் 'உண்' என்ற வற்புறுத்தல் தொடரும்.

மீனும் சோறும் சேர்ந்த 'செபு ஜென்' செனகலின் தேசிய உணவாகக் கருதப்படுகிறது. இது 2021 இல் யுனெஸ்கோவின் மாந்தகுலத்தின் தொட்டுணரா மரபுச்செல்வங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்கு முழு அரிசியை விட நொய்யரிசியே விரும்பப்படுகிறது. பிரெஞ்சுக் குடியேற்றவாதக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து நொய் இறக்குமதியானதால் இச்சுவை நிலைபெற்றது. இந்தியாவிலிருந்தும் செனகலுக்கு நொய்யரிசி செல்கிறது.

உணவுக்குப் பின் 'அத்தாயா' எனும் பச்சைத் தேநீர் மூன்று சுற்றாகக் காய்ச்சப்படும். முதற்சுற்று கடுங்கசப்பு, அடுத்தடுத்த சுற்றுகளில் இனிப்பு ஏறும். மூன்றும் முடிய ஒரு மணி நேரத்திற்கு மேலாகலாம். வேலை எதுவும் நடக்கவில்லையே என்று புதியவர் எண்ணும் அந்நேரத்தில்தான் ஊர்ச் செய்திகள் பேசப்படுகின்றன.

நலம் விசாரித்தலும் தனிமையும்

காலையில் அறையை விட்டு வெளியே வருபவர் முற்றத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் நலம் கேட்க வேண்டும். 'நங்கா தெஃப்' (எப்படி இருக்கிறாய்) என்றால் 'மாங்கி ஃபி ரெக்' (இங்குதான் இருக்கிறேன்) என்பது விடை. வீட்டார் நலம், உறக்கம், வேலை என்று கேள்விகள் நீளும். பெரும்பாலானவற்றுக்கு 'ஜாம் ரெக்' (அமைதி மட்டுமே) என்பதே போதுமானது. இதைத் தவிர்த்து நேரே குளிக்கச் செல்பவர் செருக்கு உடையவராக அல்லது நோயுற்றவராகக் கருதப்படுவார்.

பழகுவதில் உள்ள மிகப் பெரிய இடர்ப்பாடு உணவோ வெப்பமோ அன்று. தனிமை பற்றிய இருவேறு கருத்துகளே எனலாம். அமெரிக்கர் கதவைச் சாத்திக்கொண்டு நூல் படிப்பது இளைப்பாறுவதற்கு. வீட்டாருக்கோ அது துயரின் அல்லது சினத்தின் அடையாளம். ஆகவே சிறிது நேரத்தில் ஒருவர் கதவைத் தட்டுவார், பின்னர் மற்றொருவர். இரு தரப்பும் நல்லெண்ணத்தோடே ஒன்றையொன்று வருத்துகின்றன. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த வாசகருக்கு இது வியப்பளிக்காது. நடுவழி காணும் தொண்டர் அதே நூலை முற்றத்து மாமரத்தடியில் பாயில் அமர்ந்து படிக்கிறார்.

வீட்டில் தொண்டரின் நிலை விருந்தினருடையது போலத் தொடங்கிக் குழந்தையுடையது போல ஆகிறது. பட்டம் பெற்று உதவி செய்ய வந்தவருக்கு நீர் இறைக்கத் தெரியாது, துணி கையால் துவைக்கத் தெரியாது. ஆறு வயதுச் சிறுமி சொல்லைத் திருத்துகிறாள். இந்நிலையை ஏற்றுக்கொள்ள மறுப்பவர்களே நெடுநாள் அயலாராக நின்றுவிடுகின்றனர். 'தெராங்கா' எனப்படும் செனகலின் விருந்தோம்பற் பண்பு, கொடுப்பவரை மட்டுமன்றிப் பெற்றுக்கொள்ளத் தெரிந்தவரையும் எதிர்பார்க்கிறது.

உழைப்பும் செலவும்

தொண்டரைத் தங்கவைக்கும் குடும்பத்திற்கு உணவுக்கும் இடத்திற்குமாக ஒரு தொகை அளிக்கப்படுகிறது. பணியிடங்களில் சிலர் இதற்குப் பதிலாகவோ மேலதிகமாகவோ அரிசி மூட்டை வாங்கித் தருவர். ஆனால் தொண்டர் வருவதால் கூடும் வேலை பெரும்பாலும் பெண்களையே சேர்கிறது. தினை இடிப்பதும் நீர் சுமப்பதும் விறகு சேர்ப்பதும் அவர்களே. பலதார மணம் உள்ள வீடுகளில் மனைவியர் முறைவைத்துச் சமைக்கின்றனர். தொகை வீட்டுத் தலைவரின் கைக்கு மட்டும் போனால், கூடுதல் உழைப்பைத் தருபவருக்கு அதில் எதுவும் சேராமற் போகலாம். அமைதிப்படை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தொண்டரின் பார்வையில் அமைவதால், சமைத்தவரின் பார்வை அவற்றில் குறைவாகவே கிடைக்கிறது.

எல்லாத் தங்கல்களும் இனிதாக அமைவதில்லை. ஒவ்வாத குடும்பத்திலிருந்து தொண்டரை இடம் மாற்றும் வழியுண்டு. தொண்டர்களின் பாதுகாப்பு குறித்து எழுந்த கடுமையான குறைகூறல்களை அடுத்து, 2011 நவம்பரில் அமெரிக்காவில் கேட் பூசி சட்டம் நிறைவேறியது. இது 2009 இல் பெனின் நாட்டில் கொலையுண்ட தொண்டர் ஒருவரின் பெயரால் அமைந்தது. பாலியல் தாக்குதலைத் தடுக்கும் பயிற்சியையும் முறையிடுபவரின் அடையாளத்தைக் காப்பதையும் இச்சட்டம் கட்டாயமாக்கியது.

பிரிவு

இடக்கை தூய்மையற்றது என்பதால் செனகலில் அதை நீட்டிப் பொருள் கொடுப்பதோ வாழ்த்துவதோ பிழையாகும். ஆனால் நெடும்பயணம் செல்பவரிடம் மட்டும் வேண்டுமென்றே இடக்கை கொடுத்து விடைபெறுவர். செய்த பிழையைத் திருத்திக்கொள்ள மீண்டும் சந்தித்தாக வேண்டும் என்பது அதன் பொருள். இரண்டாண்டு முடித்துச் செல்லும் தொண்டர்களுக்கும் இவ்வாறே விடை கொடுக்கப்படுகிறது.

2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்று காரணமாக, அமைதிப்படை தன் வரலாற்றில் முதன்முறையாக உலகெங்கும் இருந்த தொண்டர்கள் அனைவரையும் திரும்ப அழைத்தது. 60 இற்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேறினர். பலருக்கு வீட்டாரிடம் முறையாக விடைபெறவும் நேரம் இருக்கவில்லை. 2022 மார்ச்சில் சாம்பியாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் தொடங்கி, தொண்டர்கள் மீண்டும் படிப்படியாகப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர்.