இரண்டே இரண்டு மீன்!

மீன் கடைக்குள் போனவர் இரண்டே மீனோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. 'அந்த ஆரஞ்சு கலர்ல நாலு, கறுப்புல ரெண்டு, குழந்தை கேக்குது, அதுல ஒண்ணு...' என்று பாலிதீன் பை நிரம்பிவிடும். சரித்திரம் இல்லை என்றா சொன்னேன்? ஒருவர் இருக்கிறார்!

லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேதியியல் நிபுணராக இருந்த ராபர்ட் வாரிங்டன். 1849-ல் சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் அவர் விட்டது இரண்டு சின்னத் தங்க மீன்கள். கூடவே, ரிப்பன் போல நீண்ட இலைகள் கொண்ட வாலிஸ்னேரியா செடி. தண்ணீரை மாற்றாமலேயே மீன் உயிரோடு இருக்குமா என்று பார்ப்பதுதான் திட்டம். கொஞ்ச நாளில் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. மனுஷர் அசரவில்லை. ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்துப் போட்டார். அழுகியதை நத்தைகள் தின்றன. நத்தை முட்டைகளை மீன்கள் தின்றன. தண்ணீர் பளிங்கு போலத் தெளிந்தது! 1850-ல் வேதியியல் கழகத்தில் இதைக் கட்டுரையாகவே சமர்ப்பித்தார்.

பிடித்துக்கொண்டது பைத்தியம்! கண்ணாடி மீதான வரியை பிரிட்டிஷ் அரசு 1845-லேயே ரத்து செய்திருந்ததால் தொட்டி விலையும் மலிவு. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்றே ஒரு கண்ணாடி வீடு திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற வார்த்தையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கனவான்களும் சீமாட்டிகளும் வாளியும் வலையுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பிடித்ததையெல்லாம் ஒரே தொட்டியில் கொட்டினால்..? நண்டு மீனைத் தின்னும், மிச்சம் அழுகும், மறுநாள் வரவேற்பறையில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பாவம், செத்ததற்குப் பதிலாக மறுபடி கடற்கரைக்கு ஓட்டம்! டெவன், கார்ன்வால் கரையோரப் பாறைக் குட்டைகள் துடைத்துப் போட்டாற்போல ஆயின. தன் புத்தகங்களே இந்த அழிவுக்கு வழி செய்துவிட்டன என்று காஸ் மனம் நொந்ததை, அவருடைய மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய 'தந்தையும் மகனும்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அதைப் படிக்கும்போது காஸைத் திட்ட மனம் வராது.

1860-களின் கடைசியில் மோகம் அடங்கி, தொட்டிகள் பரணுக்குப் போயின.

வாரிங்டன் தொட்டி மட்டும் எப்படிப் பிழைத்தது? மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் தருகிறது என்பது அவர் விளக்கம். சரிதான், ஆனால் பாதிதான். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவையும் வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம்! கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கூட்டம் பெருகப் பல வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீனை விட்டால், துப்புரவுக்கு ஆள் வருவதற்குள் தெருவே நாறிவிடும். இரண்டு மீன் என்றால், செடியே பாதியை உறிஞ்சிக்கொண்டு சமாளித்துவிடும். 'ஒரு காலனுக்கு ஓர் அங்குல மீன்' என்று பிற்பாடு வந்த கணக்கும் அரைகுறைதான். பத்து அங்குல மீன் ஒன்று, ஓர் அங்குல மீன் பத்துக்குச் சமம் ஆகாது. பெரியவர் போடும் கழிவு பல மடங்கு!

வாரிங்டனுக்கு இந்த பாக்டீரியா பற்றி எதுவும் தெரியாது. 1867-ல் காலமானார். வேடிக்கை என்னவென்றால், அதே ராபர்ட் வாரிங்டன் என்ற பெயர் கொண்ட அவருடைய மகன், ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் மண்ணைக் குடைந்துகொண்டிருந்தார். அமோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு கட்டமாக, இரண்டு வேறு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர் அவர்தான்! அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுக்கவும் படாதபாடு பட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 1890-ல் ஸூரிச்சில் இருந்த ரஷ்யர் வினோகிராட்ஸ்கி முந்திக்கொண்டார்.