கைம்பெண்கள் ஆசிரியைகளான வரலாறு

சகோதரி சுப்பலட்சுமியை (1886–1969) இளம் கைம்பெண்களுக்கு அடைக்கலம் தந்த கருணையாளர் என்றே பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். அந்தப் புகழ் பொய்யல்ல. ஆனால் அவருடைய சாதனையின் பாதியைத்தான் அது சொல்கிறது. சென்னை மாகாணத்தின் பெண் கல்வியை முடக்கிவைத்திருந்த ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்ட நிர்வாகி அவர். தலைமையாசிரியர் பணியும் சமூகத் தொண்டும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தன.

அன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை ஆண் ஆசிரியரிடம் படிக்க அனுப்பப் பெற்றோர் துணியவில்லை. ஆசிரியைகளோ மிகக் குறைவு. மணமான பெண்கள் வேலைக்கு வருவதைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. அதே காலத்தில் பிராமணர் வாழ்ந்த அக்கிரகாரங்களில், மழித்த தலையும் முக்காடுமாக, நல்ல காரியங்களில் முகம் காட்டக்கூடாதவர்களாகக் கைம்பெண்களான சிறுமிகள் அடுப்படியில் அடைந்துகிடந்தார்கள். சிறுவயதிலேயே மணமாகிக் கணவரை இழந்த சுப்பலட்சுமி, பெற்றோர் துணையால் படித்து 1911இல் பட்டம் பெற்றார். ஆசிரியைப் பஞ்சத்துக்கு விடை அந்த அடுப்படிகளில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். 1912இல் எழும்பூரில் ஒருசில கைம்பெண்களோடு அவர் தொடங்கிய விடுதி, பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய அந்த வட்டவடிவக் கட்டடத்திலிருந்து அப்பெண்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றார்கள். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமியே.

பள்ளி ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்சின் ஆதரவும் அரசுப் பணமும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்காது. ஆனால் பணத்தால் கட்டடம் கிடைக்கும், பெற்றோரின் நம்பிக்கை கிடைக்காது. ஆசாரம் வழுவாமல் விடுதியை நடத்திய, தாமே கைம்பெண்ணான ஒருவரை நம்பித்தான் குடும்பங்கள் பெண்களை அனுப்பின. இதைவிடக் கனமான கேள்வி, விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது பற்றியது. அந்தக் குறையை மழுப்பக்கூடாது. சாதி வேலியைத் தொடாமலே அந்தச் சீர்திருத்தம் தொடங்கியது. ஆயினும் அவர் அந்த வேலிக்குள்ளேயே நின்றுவிடவில்லை. ஐஸ் ஹவுஸுக்கு அருகிலிருந்த குப்பத்து மீனவக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பின்னர் வயதுவந்த பெண்களுக்காக சாரதா வித்யாலயா பள்ளி உருவாவதற்கு முன்னின்றார்.

ஒரு தலைமையாசிரியரின் தொண்டை அவர் எத்தனை பேருக்கு உதவினார் என்று மட்டும் அளந்தால் போதாது. உதவி பெற்றவர்கள் பிறருக்கு உதவும் நிலைக்கு உயர்ந்தார்களா என்றும் பார்க்க வேண்டும். பாரமென்று ஒதுக்கப்பட்ட பெண்களைச் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளாக்கி அடுத்த தலைமுறைச் சிறுமிகளின் முன் நிறுத்தியதால், சுப்பலட்சுமி இந்த இரண்டாவது அளவுகோலிலும் உயர்ந்து நிற்கிறார்.