மிஞ்சிப்போன ராக்கெட்

ஆஸ்திரேலியாவின் முதல் செயற்கைக் கோள், அந்நாட்டார் பல்லாண்டு காலம் திட்டமிட்டுத் தவங்கிடந்து பெற்றதன்று. அயலார் கொண்டுவந்த ஏவுகணைகளில் ஒன்று செலவாகாமல் மிஞ்சிப்போனதால் கிடைத்தது. தென் ஆஸ்திரேலியாவின் வூமெரா ஏவுதளத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் கூடி, ஸ்பார்ட்டா என்ற பெயரால் சில பரீட்சைகளை நடத்திவந்தன. அணுகுண்டு தாங்கிய கூம்புமுனை ஒன்று வானத்தின் உச்சியிலிருந்து வளிமண்டலத்துக்குள் மகாவேகத்தோடு பாயும்போது அது என்ன கதியடைகிறது, கீழேயுள்ள ராடார் அதை எப்படிக் காண்கிறது என்பதை ஆராய்வதே அவற்றின் நோக்கம். அதற்கென்று கடல் கடந்து வந்த ரெட்ஸ்டோன் ராக்கெட்டுகளில், அவசரத்துக்கு உதவட்டும் என்று கூடுதலாக வைத்திருந்த ஒன்றுக்கு வேலையில்லாமற் போகவே, அதைத் திருப்பி எடுத்துச் செல்வதைவிட ஆஸ்திரேலியர்களுக்கே அளிப்பது மேல் என்று அமெரிக்கர் எண்ணினர். ஆனால் அதை ஏவத் தெரிந்த அமெரிக்கக் குழுவினர் தாயகம் திரும்புமுன் கோள் தயாராகிவிட வேண்டும். ஆகக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய 11 மாதம்.

ரெட்ஸ்டோனின் பூர்வீகத்தைச் சற்றே பார்த்துவிட்டு மேலே செல்வோம். இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் மீது விழுந்த வி-2 ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுனும் அவருடைய சகாக்களும், யுத்தம் முடிந்தபின் அமெரிக்கா சென்று, அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் அந்நாட்டு ராணுவத்துக்காகச் செய்துகொடுத்த அஸ்திரம் இது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம் அணுகுண்டைச் சுமந்து செல்ல வல்ல இதை 1958 முதல் 1964 வரை அமெரிக்கப் படை வைத்திருந்தது. இதிலிருந்து பிறந்த ஒரு ராக்கெட்தான் 1958ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதி அமெரிக்காவின் முதல் செயற்கைக் கோளை மேலே கொண்டுசென்றது. 1961இல் ஆலன் ஷெப்பர்டை விண்வெளிக்கு ஏற்றிச் சென்றதும் இதன் மாறுபட்ட ஓர் உருவமே. எனினும் ரெட்ஸ்டோன் தனியே நின்று எந்தப் பொருளையும் பூமியைச் சுற்றவைக்க முடியாது. அதற்கு விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஸ்பார்ட்டா பரீட்சைகளுக்காக அதன் தலைமேல் ஏற்கெனவே திட எரிபொருள் அடுக்குகள் இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். கூம்புமுனையை வளிமண்டலத்துக்குள் பாயச்செய்ய வகுத்த அந்த ஏற்பாட்டையே, இப்போது பூமிக்குக் கிடையாகத் திருப்பிவிட்டு, விழாமல் சுற்றிவருவதற்கு உபயோகிக்க வேண்டியிருந்தது.

அடிலெய்டு நகரையடுத்த சாலிஸ்பரியில் இருந்த ஆயுத ஆராய்ச்சி நிலையத்தார் கோளைச் செய்யும் பொறுப்பை ஏற்றனர்; அந்நிலையத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே அதற்கு ரெசாட் என்று பெயரிட்டனர். நான் இவர்களிடம் வியப்பது, புதுமை செய்ய வேண்டும் என்ற ஆசையை அவர்கள் அடக்கிக்கொண்ட விவேகத்தையே. ஸ்பார்ட்டாவின் முனைப்பகுதி கூம்பு வடிவாக இருந்தமையால் கோளையும் அதே கூம்பாகச் செய்தார்கள். வேறு வடிவம் கொடுத்தால் காற்றில் அது எவ்விதம் செல்லும் என்று மறுபடி பரீட்சித்துப் பார்க்கக் காலம் ஏது? நீளம் 1.59 மீட்டர், அடிப்புறத்தின் குறுக்களவு 76 சென்டிமீட்டர், எடை 45 கிலோ. சூரிய மின்கலங்கள் பொருத்துவதற்கும் அவகாசமில்லை; ஆதலால் பாட்டரி உயிரோடிருக்கும்வரை பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் அடுக்கின் எரிந்து தீர்ந்த கூட்டைக்கூடக் கழற்றிவிடவில்லை. அதுவும் கோளோடு சேர்ந்தே சுற்றியது.

உள்ளே வைத்த உபகரணங்களோ அடிலெய்டு பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறையார் சிறு ராக்கெட்டுகளில் பலமுறை அனுப்பிப் பழகிய வகையைச் சேர்ந்தவை. சூரியனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் அவை அளந்தன. கோள் பூமியின் நிழலுக்குள் புகும் வேளையில் சூரிய ஒளி வளிமண்டலத்தை ஊடுருவி வரும்போது எவ்வளவு குன்றுகிறது என்று பார்த்து, மேலே ஓஸோன் எவ்வளவு உள்ளது எனக் கணக்கிடவும் வழி செய்திருந்தார்கள். இது சுத்தமான விஞ்ஞானந்தான். ஆனால் மேல்வளிமண்டலத்தின் இயல்பை அறிவதில் ஏவுகணை நிபுணர்களுக்கும் அதே அளவு அக்கறை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நவம்பர் 28ஆம் தேதி ஏவ முயன்று கடைசி நேரத்தில் நிறுத்த நேர்ந்தது. மறுநாள், 1967 நவம்பர் 29, பிற்பகல் 2 மணி 19 நிமிஷத்துக்கு ராக்கெட் வடதிசை நோக்கிக் கிளம்பிச் சென்று, கோளைத் துருவங்களின் வழியே சுற்றும் பாதையில் சேர்த்தது. 73 சுற்றுகள், அதாவது ஏறக்குறைய ஐந்து நாட்கள், ரெசாட் செய்தி அனுப்பியது; பின்பு பாட்டரி தீர்ந்து ஊமையாயிற்று. ஊமையாக அது சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேதான், டிசம்பர் 17ஆம் தேதி, ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி ஹரால்டு ஹோல்ட் கடலில் நீந்தப் போய்க் காணாமற்போனார். கோள் 642 சுற்றுகளை முடித்து 1968 ஜனவரி 10ஆம் தேதி அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் எரிந்துபோயிற்று.

சொந்த மண்ணிலிருந்து சொந்தக் கோளை அனுப்பியவர்கள் தங்களுக்கு முன் ருஷ்யரும் அமெரிக்கருந்தான் என்று ஆஸ்திரேலியர் பெருமை பாராட்டுவதுண்டு. பிரான்ஸ் அல்ஜீரியாவிலிருந்தும் இத்தாலி கென்யாவின் கரையோரக் கடல்மேடையிலிருந்தும் ஏவியவையாதலால் பெருமை நியாயமானதே. ராக்கெட் மட்டும் இரவல் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மண்ணும் யாருடையது என்று கேட்பவர்கள் உண்டு. ராக்கெட்டுகள் பறந்து சென்ற பாலைவெளி ஆதிக்குடிகளின் பூமி என்று 1947இல், வூமெராத் திட்டம் தொடங்கிய காலத்திலேயே, ஆட்சேபம் எழுந்திருந்தது.

விசித்திரம் என்னவென்றால், அதே வூமெராவில் ஐரோப்பிய தேசங்கள் பலவும் கூடி, பிரிட்டன் கைவிட்ட ப்ளூ ஸ்ட்ரீக் ஏவுகணையை அடித்தளமாக வைத்து யூரோப்பா என்ற பெரிய ராக்கெட்டை 1964 முதல் பரீட்சித்துவந்தன. அது கடைசிவரை ஒரு கோளையும் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. ஐரோப்பியர் தங்கள் முயற்சியைத் தென் அமெரிக்காவின் கூரூவுக்கு மாற்றிக்கொண்டனர். ரெசாட்டை ஏற்றிச் சென்று சிம்ப்ஸன் பாலைவனத்தில் விழுந்து கிடந்த ரெட்ஸ்டோன் அடுக்கையோ 1990இல் மீட்டு வூமெராவுக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். இரண்டாவது ரெசாட் ஒன்றுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கவில்லை.

வூமெராவிலிருந்து அடுத்தபடியாகக் கோள் ஒன்று சுற்றுப்பாதை சேர்ந்தது 1971 அக்டோபர் 28ஆம் தேதி. அதைச் சுமந்த பிரிட்டிஷ் ராக்கெட்டின் திட்டத்தை அந்நாட்டுச் சர்க்கார் ஜூலை மாதமே ரத்துச் செய்துவிட்டிருந்தது. ரத்தான பின்னும் அது ஏவப்பட்ட கதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.